கறுப்புத் தக்காளிக்குக் காவல்

ஏஞ்சலின் கறுப்புத் தக்காளி ஒரு வெள்ளாட்டின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. மொட்டை மாடிச் சுவரில் பாதி உடம்பு தொங்க, ஜெபகுமார் கத்தினான்.

"துப்பு! துப்பித் தொலை!"

சந்தில் நின்ற ஆடு அண்ணாந்து பார்த்தது. நிதானமாக மென்று முடித்தது. அதன் தாடி மட்டும் அரக்கு நிறத்தில் நனைந்திருந்தது.

அவன் செய்தது ஒன்றுமில்லை. பழுத்துவிட்டதா என்று ஒரே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். இதற்காகவே காத்திருந்ததுபோல் அது கழன்று, சுவரில் ஒரு குதி குதித்து, கீழே போய்விட்டது.

"தண்ணி ஊத்துங்க. பாருங்க. தொட மட்டும் தொடாதீங்க, கை பட்டா அழுகிடும்" என்று அவன் மனைவி ஏஞ்சல் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தாள். மாடியில் பேரிக்காய் வடிவ மஞ்சள் தக்காளி காய்த்தது. பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் வரித்தக்காளியும் காய்த்தது. கறுப்பில் மட்டும், காஞ்சிபுரத்து வெயிலுக்கு, ஒரே ஒரு காய்தான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாடித்தோட்டக் குழு அதைப் பார்க்க வருகிறது.

போன வருஷம் அவளுடைய வெள்ளைக் கத்தரி நாற்றையெல்லாம் களை என்று பிடுங்கிப் போட்டவன் ஜெபகுமார். ஒரு வாரம் அவள் பேசவில்லை. "இந்தத் தடவை உங்கள நம்பித்தான் போறேன்" என்று கிளம்பும்போது சொன்னாளே, அதுதான் இப்போது நெஞ்சில் இடித்தது.

நாட்டுத் தக்காளி மூன்றை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சாயப்பட்டறைக்கு ஓடினான்.

"கலியா, இதுக்குச் சாயம் போடணும்பா."

பட்டுக்குச் சாயம் போடும் கலியன் சிரிக்கக்கூட இல்லை. "எப்ப வேணும்?"

"இப்பவே. கலரு போட்டோவுல இருக்குது, பாரு..."

"போட்டோ எதுக்குண்ணே? எனக்குத் தெரியாத கலரா?"

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"எங்கிட்ட வந்த கலரு வெளிய போவாதுண்ணே. ஒருத்தர் பொடவை கலர இன்னொருத்தர்கிட்ட சொன்னா, பட்டறை நடத்திக்கினு இருக்க முடியுமா?"

அவசரத்தில் ஜெபகுமாரே முதல் தக்காளியைக் கொதிக்கிற தொட்டியில் போட்டான். தோல் உரிந்து ரசமாகிவிட்டது.

"இன்னாண்ணே, பட்டு நூலுன்னு நெனச்சுக்கினியா?" என்று கலியன் அவனை ஓரமாக உட்கார வைத்தான். மீதி இரண்டுக்கும் கருத்த அரக்குச் சாயத்தைப் பசையில் குழைத்துத் தூரிகையால் தடவினான். அச்சு அசல் கறுப்புத் தக்காளி.

ஜெபகுமார் மாடிக்குப் போய் ஒன்றைச் செடியில் கட்டினான். செடியின் காம்பில் ஏற்கெனவே ஒரு பட்டு இழை தொங்கிக்கொண்டிருந்தது. தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் நூல் எங்கேதான் இல்லை? அதன்மேலேயே முடிச்சுப் போட்டான்.

இரண்டு நாள் வெயிலில் அது சுருங்கித் தொங்கியது. அடுத்ததைக் கட்டினான். அது கொஞ்சம் பெரிசு. கட்டி முடித்துக் கையைத் துடைப்பதற்குள் ஏஞ்சல் வீடியோ காலில் வந்துவிட்டாள்.

"செடியக் காட்டுங்க."

காட்டினான்.

"ஏஞ்சல்? லைன்ல இருக்கியா?"

"அது... பெருசாயிருக்குதா?"

"ஆமாம்மா. நல்லா வளருது."

"வளருதா?" அவள் குரல் கீச்சென்று போயிற்று.

"தெனமும் மண்புழு உரம் போடறேன்ல!"

"ஏங்க, ஞாயித்துக்கெழம யாரும் வர வேணாம்னு சொல்லிடட்டுமா?"

சந்தேகப்பட்டுவிட்டாள் என்று அவனுக்கு வியர்த்தது. "ஏன் வேணாம்? ஊரே வந்து பாக்கட்டும்!" என்று வீறாப்பாகச் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் படத்தை எடுத்துக் குழுவுக்கும் அனுப்பினான். நாலு பேர் வருவதாக இருந்தது, பதினொரு பேரானது.

சனிக்கிழமை மாலை ஏஞ்சல் வந்தாள். மாடிப் பக்கமே போகவில்லை. "டயர்டா இருக்குதுங்க" என்றாள். கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் காலை பதினொரு பேரும் செடியைச் சுற்றி நின்றார்கள். வேளாண்மைத் துறையில் ஓய்வுபெற்ற ராஜகோபால் சார் பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

"அறுத்து, வெதைய எடுத்து, ஆளுக்கு நாலு குடுத்துடலாமா?"

"வேணாம்!"

ஜெபகுமார் கத்தினான். அதே நொடியில் ஏஞ்சலும் கத்தினாள். இருவரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ ஏம்மா வேணாங்கற?"

"நீங்க ஏங்க வேணாங்கறீங்க?"

இதற்குள் குழுவின் சந்தியா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிட்டே குனிந்திருந்தாள். "அக்கா, நீங்க போன வாரம் குரூப்ல போட்ட பழத்தோட கலரு வேற. இது வேற மாதிரி இருக்குதே?"

பக்கத்து மாடியில் பட்டு நூல் உலர்த்திக்கொண்டிருந்த கலியனின் முகம் சுருங்கியது. கைவேலையைப் போட்டுவிட்டுச் சுவர் ஓரம் வந்தான்.

"இன்னாம்மா வேற? மொத பழத்த அணில் தின்னுடுச்சுன்னு போன வாரம் அக்கா ஒரு தக்காளி கொண்டாந்துச்சே, அதுக்குப் போட்ட அதே அரக்குதான் அண்ணன் தக்காளிக்கும் போட்டேன். ஒரு பொட்டு வித்தியாசம் காட்டிடு, பட்டறையையே மூடிடறேன்!"