புள்ளி அண்ணனும் ஒரு வார்டு ஓட்டும்

காவிரி டெல்டாவில் ஈரத்தை ஜென்மப் பகையாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் புள்ளி அண்ணன்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ஊரே சந்தோஷப்படும். அண்ணன் முகம் மட்டும் துக்க வீட்டுக்குப் போய்வந்தது போல இருக்கும். எழுந்துபோய் ஆய்வகத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவார்.

"இனிமே தை மாசம் வரைக்கும் நமக்கு நிம்மதி இல்ல தம்பி" என்பார்.

புள்ளி என்றதும் பெரும்புள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் அவர் ஆராய்ச்சி மாணவர். நான் சேர்ந்தபோதே பழைய ஆள். துறைத்தலைவர்கள் வந்தார்கள், ஓய்வு பெற்றார்கள், அண்ணன் இருந்தார். சிலிக்கா ஜெல் என்ற வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகப் பூசி, ஓவனில் காய வைப்பார். தகட்டின் அடியில் ஒரு சொட்டு வைத்து, கொஞ்சம் கரைப்பான் ஊற்றிய ஜாடிக்குள் நிறுத்துவார். கரைப்பான் பொடி வழியாக மேலே ஏறும். சொட்டில் கலந்திருக்கும் பொருள்களும் கூடவே, ஆளுக்கொரு வேகத்தில் ஏறி, தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். காற்றில் ஈரம் இருந்தால் அந்தப் பொடி அதைக் குடித்துவிட்டு வேலைநிறுத்தம் செய்யும். பகைக்கு அதுதான் காரணம்.

புள்ளி வைக்காமல் அவரால் எதையும் நம்ப முடியாது. விடுதி ரசத்துக்கு வைத்தார். அதில் மிளகு இருந்ததற்கான தடயமே இல்லை என்று வார்டனிடம் தகட்டோடு போய்ச் சொன்னார். கல்லூரி வாசல் டீக்கடையில் காபியை வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சிறு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து கடைக்காரர் அவருக்கு மட்டும் பால்தான் கொடுத்தார்.

ஆனால் அவருடைய உயிர் அரிசித் தவிட்டு எண்ணெயில் இருந்தது. அதில் உள்ள ஒரு பொருள் சாதாரணத் தகட்டில் ஒரே புள்ளியாகத்தான் வரும். ஒரே பொருள் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். இல்லை, ஒட்டிப்பிறந்தவை போல இரண்டு இருக்கின்றன என்று அண்ணன் சொன்னார். பிரித்துக் காட்டுவதற்காகச் சிலிக்காவோடு சில்வர் நைட்ரேட்டைக் கலந்தார். வெள்ளி கலந்த பொடி இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும், மற்றது முன்னால் போய்விடும் என்பது கணக்கு.

சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்துவிடும். எளிதில் போகாது. கையுறை போட்டால் மாவின் பதம் தெரியாது என்று அண்ணன் போட மாட்டார். பத்து விரலும் கரிச்சட்டி தேய்த்தது போல இருக்கும். கை குலுக்க வருகிறவர்கள் பாதியில் வணக்கத்துக்கு மாறிக்கொள்வார்கள்.

குத்தாலம் பக்கம் ஒரு கிராமம் அவர் ஊர். அங்கே இருந்த தாய்மாமாவின் மகள் வசந்திக்கும் அண்ணனுக்கும் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. மாமா பிடி கொடுக்கவில்லை. "படிச்சு முடிக்கிறப்ப சொல்லு, பேரன் கல்யாணத்தோட சேத்து வச்சுக்குவோம்" என்று சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் மாமா வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றார். வசந்தி போன் செய்தது.

"எலெக்‌ஷன் முடியட்டும், பேசலாம்னு அப்பா எறங்கி வந்திருக்காரு. நீங்க ஓட்டப் போட்டுட்டு நேரா வீட்டுக்கு வாங்க. வேற எதையும் கெளப்பாதீங்க."

அண்ணனுக்கு விரல் ஞாபகம் வந்தது. ஓட்டுச்சாவடியில் ஏற்கனவே மை வைத்திருக்கிறதா என்று இடது ஆள்காட்டி விரலைப் பார்ப்பார்களே. அயோடின் தடவி, போட்டோ கழுவும் ஹைப்போ கரைசலில் ஊற வைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்தார். தோல் உரிந்து அந்த விரல் மட்டும் வெளிறி, நகக்கண்ணில் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மத்த விரலுண்ணே?" என்றேன்.

"அத யாரு பாக்கப் போறாங்க?" என்றார் விஞ்ஞானி.

நானும் கூடப் போனேன். கல்யாணப் பேச்சு நடக்கும்போது சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அதிகாரியாக வந்திருந்த டீச்சரம்மா அண்ணனின் விரலைப் பார்த்தார். பிறகு மற்ற விரல்களைப் பார்த்தார். எதிர்த்தரப்பு ஏஜென்ட் எழுந்துவிட்டார்.

"மேடம், வேற எங்கயோ போட்டுட்டு மைய அழிச்சிட்டு வந்திருக்காரு. அழிச்ச மைதான் கையெல்லாம் ஒட்டியிருக்கு பாருங்க."

"மை இல்லீங்க. லேப்ல பட்ட சில்வர் நைட்ரேட்" என்றார் அண்ணன்.

"அப்ப நம்ம மையில என்ன இருக்காம்?"

டீச்சரம்மா மைப்புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சிரமப்படுவதை அண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அதுலயும் சில்வர் நைட்ரேட்தாங்க மேடம்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?" என்றார் ஏஜென்ட்.

"ஒண்ணுதாங்க."

மாமாவின் ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க சார், விரல்ல அடையாளம் இருந்தா நான் விட முடியாது" என்றார் டீச்சரம்மா. அண்ணன் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். நாங்கள் மாமா வீட்டுப் பக்கமே போகாமல் பஸ் ஏறினோம்.

மாமா ஒரு ஓட்டில் தோற்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் வசந்தியின் போனை எடுக்கவில்லை. என்னோடும் பேசவில்லை. தகடு தகடாகப் பூசிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒருநாள் மத்தியானம் மாமாவே வந்து ஆய்வக வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் சிரிப்பு இல்லை. "கையக் கறுப்பாக்கிக்கிட்டு அப்படி என்னத்தடா பண்ற? என் ஓட்டு எதுல போச்சு? அதக் காட்டு" என்றார்.

அண்ணன் அவரை இருட்டறைக்கு அழைத்துப் போய் புற ஊதா விளக்கின் கீழ் தவிட்டு எண்ணெய்த் தகடு ஒன்றை வைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக, நூல் இடைவெளி விட்டு, நீலமாக இரண்டு புள்ளிகள் மின்னின. மாமா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு இருக்கு."

"ஆமா மாமா."

"ஒங்க சாரு ஒண்ணுங்குறாராமே. வசந்தி சொல்லிச்சு."

"ஆமா மாமா. இதக் காட்டியும் தகடு சரியில்லங்குறாரு."

"அவரு சொல்றத ஒத்துக்கிட்டா பட்டம் குடுத்துருவாங்கல்ல?"

"குடுத்துருவாங்க மாமா."

"ஒத்துக்க வேண்டியதுதான?"

"ரெண்டு இருக்கே மாமா."

மாமா நிமிர்ந்தார். "அப்ப பூத்துல மட்டும் எதுக்குடா ஒண்ணுன்னு ஒத்துக்கிட்ட?"

"அது ஒண்ணுதான் மாமா."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இப்படி ஒருத்தனுக்குப் பொண்ணக் குடுக்குறதுல ஒரு சௌகரியம் இருக்கு. எங்க போன, யாரப் பாத்தன்னு வசந்தி கேட்டா அப்படியே சொல்லிருவான். வெளிய விசாரிக்க வேண்டியதில்ல." அண்ணனைப் பார்த்து, "வைகாசியில வச்சுக்கலாம். போன் பண்ணுனா எடுடா. ரெண்டு நாளா அது சாப்பிடாம கெடக்குது" என்றார்.

நான் பார்த்து அண்ணன் கையிலிருந்து ஒரு தகடுகூட விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்தது. கண்ணாடியைக் கூட்டி அள்ளியது நான்தான். அள்ளும்போது கண்ணில் தண்ணீர் வந்து சில்லு எது, தரை எது என்றே தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் என் சொந்தக் கல்யாணத்தில்கூட எனக்கு வரவில்லை. இந்த வரியை என் மனைவி படிக்கும்போது நான் குத்தாலம் பக்கம், அண்ணன் வீட்டில் இருப்பேன். எத்தனை நாள் தங்கினாலும் ஏன் வந்தாய் என்று கேட்காத வீடு எனக்கு அது ஒன்றுதான்.