ஏலாதக்கா நம்பிய கணினி

கைபேசி கேட்கும் கேள்விகளை முழுவதும் வாசித்து, யோசித்து, உண்மையான பதில் சொன்ன ஒரே மனுசி இந்த உலகத்தில் ஏலாதக்காதான். நீங்களும் நானும் என்ன செய்கிறோம்? 'சம்மதம்' எங்கே இருக்கிறதென்று தேடி அமத்திவிட்டுப் போகிறோம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசிப்பார். பிறகு போனை நேருக்கு நேர் பார்த்து, "ஏலாது" என்பார்.

எங்கள் ஊரான கரம்பொன்னின் கரையில் ஒரு தகரக் கொட்டிலில் ஐஸ் விற்பவர் அவர். "அக்கா, ரெண்டு பெட்டிக்கு ஐஸ் தாறீங்களோ?" என்று கேட்டால் "ஏலாது" என்று வாய் சொல்லும்போதே கை ஐஸை உடைக்கத் தொடங்கியிருக்கும். எதற்கும் முதலில் முடியாது என்பதால் வந்த பெயர்தான் ஏலாதக்கா. ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவுப் புத்தகத்தில் இருக்கலாம். கரையில் ஒருவருக்கும் தெரியாது.

இவரிடம் நான் மாட்டிக்கொண்டதற்கு என் வாய்தான் காரணம். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றதும் ஊருக்கு வந்திருந்தேன். அந்த நாட்களில்தான் எஞ்சின் நின்ற படகொன்று பகல் முழுவதும் நீரோட்டத்தில் இழுபட்டு, இரண்டு பேர் தண்ணீர்த் தாகத்தில் துவண்டு கரை திரும்பியிருந்தார்கள். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்தேன். கடலில் ஒரு பொத்தானை அமத்தினால் கரையிலுள்ள போன் அலறும், படகு நிற்கும் இடத்தையும் காட்டும், இரண்டு கிழமையில் அப்படி ஒரு செயலி தருகிறேன் என்று முழங்கினேன். ஊரே கைதட்டியது.

செயலி என் கணினிக்குள் ஓடும் பொய்ப் போனில் அற்புதமாக வேலை செய்தது. என் போனிலும் குறையில்லை. "கரையில பகல் முழுக்க நிக்கிறது ஏலாதக்காதான். அவவின்ர போனில போட்டுக் காட்டும்" என்றார் சங்கச் செயலாளர். போட்டேன். திறந்து அக்காவின் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மறுபடியும் மூடியது.

"உம்மட சாமானுக்கு விக்கல், தம்பி" என்றார் அக்கா.

செயலி சாகும்போது என்ன புலம்புகிறது என்று பார்க்க, போனைக் கேபிளில் கணினியோடு கொழுவ வேண்டும். "ஒரு நாளைக்குப் போனைத் தாங்கோ அக்கா."

"ஏலாது. கொம்பியூட்டரை இஞ்ச கொண்டாரும்."

கொண்டுபோனேன். ஐஸ் பெட்டிக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் துவாய், அதற்கு மேல் கம்பனியின் விலையுயர்ந்த கணினி. முதலில் போனின் அமைப்புகளுக்குள் போய் ஓரிடத்தில் ஏழு தரம் தட்டவேண்டும். அப்போதுதான் சோதனைக் கதவு திறக்கும். அக்கா தானே எண்ணி எண்ணித் தட்டினார். ஏழாவது தட்டில், அவர் இப்போது ஒரு டெவெலப்பர் ஆகிவிட்டார் என்று திரையில் வந்தது.

"டெவெலப்பர் எண்டா ஆர்?"

"என்னைப்போல செயலி செய்யிற ஆக்கள், அக்கா."

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீர் இதுக்கு எவ்வளவு காலம் படிச்சனீர்?"

"நாலு வருசம்."

"நான் ஏழு தட்டு."

அன்று பின்னேரமே கரை முழுவதும் அவரை டெவெலப்பர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. முப்பத்தொன்பது வயதான நான் தொடர்ந்தும் 'கொம்பியூட்டர்ப் பெடியன்'தான்.

கேபிளைக் கொழுவினேன். போன் சார்ஜ் ஏறியது. கணினியோ அப்படியொரு போனைக் கண்டதேயில்லை என்று சாதித்தது. நான் மென்பொருளைக் குறைசொன்னேன், உப்புக்காற்றைக் குறைசொன்னேன், போன் செய்த நாட்டையும் குறைசொன்னேன். இரண்டு நாளாகக் கணினியிலிருந்ததை எல்லாம் அழித்து மறுபடி ஏற்றினேன். மூன்றாம் நாள் அக்கா, அலுமாரியில் பெட்டியோடு வைத்திருந்த கேபிளைக் கொண்டுவந்தார். போனோடு வந்த கேபிள், பழுதாகிவிடும் என்று பாவிக்காமல் வைத்திருந்தாராம். கொழுவியதும் கணினி துள்ளி எழுந்து போனை அடையாளம் கண்டது. என்னுடையது சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் மலிவுக் கேபிள். நாலு வருசம் படித்தவன் நான்.

அடுத்தது அந்தக் கேள்வி. இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. அக்கா கண்ணாடியைப் போட்டார். வாசித்தார். கணினியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ஏலாது."

"அக்கா, என்ர கணினிதானே!"

"அதுதான் யோசிக்கிறன். உதுக்குள்ள என்ர படங்கள் போகுமோ?"

"போகாது."

"கதைக்கிறது கேக்குமோ?"

"கேக்காது."

அரை மணித்தியால விசாரணைக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. 'எப்போதும் அனுமதி' என்ற கட்டத்தில் மட்டும் புள்ளடி போட மறுத்துவிட்டார். "ஒவ்வொரு நாளும் கேக்கட்டும். இண்டைக்கு நம்பினவரை நாளைக்கும் நம்போணும் எண்டு சட்டமோ?" ஆகவே நான் தினமும் காலையில் விசாரணைக்கு ஆஜரானேன்.

கடைசியில் செயலியின் மரண வாக்குமூலம் கணினியில் தெரிந்தது. முதல் நாள் நான் செயலாளரைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்ற நேரம், 'உங்கள் இருப்பிடத்தை அறியலாமா?' என்று செயலி கேட்டிருக்கிறது. அக்கா மறுத்திருக்கிறார். மறுத்தால் என்ன செய்வது என்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. உலகத்தில் ஒருவரும் மறுக்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

"கடலில நிக்கிறவன் எங்க எண்டு கேக்கிறது ஞாயம். கரையில நிக்கிற என்னை ஏன் கேக்குது?" என்றார். அந்தக் கேள்வியைக் கரைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். விக்கல் நின்றது.

வெள்ளோட்டத்துக்கு நானே கடலுக்குப் போவேன் என்று அடம்பிடித்தேன். மூன்று தலைமுறை கடலோடிகளின் வாரிசு. படகு ஆடத் தொடங்கியதும், காலையில் சாப்பிட்ட இடியப்பத்தைக் கடலுக்குக் கொடுத்தேன். கரை கோடாகத் தெரிந்த இடத்தில் படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். பொத்தானை அமத்தினேன். "அலறுது! வெற்றி!" என்று செயலாளர் போனில் கத்தினார். பின்னால் கைதட்டல் கேட்டது.

படகோட்டி எஞ்சின் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது. இன்னும் பத்துத் தரம் இழுத்தார். இருமலும் நின்றுவிட்டது.

மறுபடி பொத்தானை அமத்தினேன். கரையில் மறுபடி கைதட்டினார்களாம். நான்கு தரம் அமத்தினேன், நான்கு தரமும் கைதட்டல். செயலாளரின் போன் ஓயாமல் பிசி, வெற்றியை ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். அக்காவின் போனுக்கு எடுத்தால், நான் எழுதிய அலறலே என் அழைப்பை விழுங்கியது. நீரோட்டம் எங்களைக் கரையைவிட்டு மெல்ல இழுத்தது. எனக்கு ஜெபங்கள் எல்லாம் பாதிவரைதான் ஞாபகம் வந்தன.

கரையில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். நான்காவது அலறலில் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். "போட் ஒவ்வொரு தரமும் வேற இடத்தில நிக்குது. உவங்கள் திரும்பி வரேல்லை, இழுபடுறாங்கள்."

"அது சோதினை, அக்கா" என்றாராம் செயலாளர்.

"சோதினைதான். அந்தப் பெடியனுக்கு."

கொட்டிலைத் திறந்தபடியே போட்டுவிட்டு, ஐஸுக்கு வந்து நின்ற ஒருவரின் படகில் ஏறிவிட்டார். அவர்கள் வந்து கயிறு போட்டபோது நான் படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன். அக்கா எங்கள் படகுக்குத் தாவினார். ஒரு தேசிக்காயை நகத்தால் கீறி என் மூக்கருகே பிடித்தார். மற்றக் கையால் என் சட்டைக் கொலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சத்தி வந்தா எடும், தம்பி. வெக்கப்படாதேயும். நான் விழ விடமாட்டன்."

கரை வரும்வரை அந்தப் பிடியை அவர் விடவில்லை. பாதி வழியிலேயே எனக்கு வாந்தி நின்றுவிட்டது. ஆனாலும் விடச் சொல்லி நான் கேட்கவில்லை.