பில்லி துரையின் குண்டுத் தாயத்து

துடியலூரில் அந்த வாரம் எல்லாருக்கும் ஒரே பேச்சு. தாயத்து விற்கும் நஞ்சுண்டன்மீது அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லியின் ஆவி இறங்கியிருந்தது. கடல் தாண்டி வந்த ஆவி கொங்குத் தமிழ் சுத்தமாகப் பேசியது.

"பில்லி சூனியம்னு கேட்டிருக்கீங்கல்ல? அந்தப் பில்லி எம்மேல எறங்கியிருக்கற இவருதானுங்க. இருபத்தோரு பேரைச் சுட்டவரு. ஜெயில் காவலரைச் சுட்டுப்போட்டுக் குதிரையேறிப் போனவரு. இவரு தாயத்தைக் கட்டுனா குண்டு அண்டாதுங்க," என்றான் நஞ்சுண்டன்.

இருபத்தோரு கொலை என்பது கதை கட்டியவர்களின் தாராளம். வரலாற்றில் பாதிகூடத் தேறாது. தாயை இழந்த பையன், மாடு திருடி, துப்பாக்கி தூக்கி, இருபத்தோரு வயதில் செத்தான். எப்படிச் செத்தான் என்பதை மட்டும் ஆவி சொல்லவில்லை.

பொங்கியண்ணனும் ஒரு தாயத்து வாங்கினான். வரப்புத் தகராறில் அவனுடைய பங்காளி துப்பாக்கியோடு நிற்பவன். "நாளைக்கு நெஞ்சைக் காட்டி நிப்பேன், சுடட்டும்," என்றான் மனைவி நாச்சியம்மாளிடம். வீட்டில் பன்றி விரட்டும் துப்பாக்கி இருந்தது. அதையும் ஒரு பூசணிக்காயையும் எடுத்துக்கொண்டு, புருஷனையும் இழுத்துக்கொண்டு நஞ்சுண்டனின் தாயத்துப் பந்தலுக்குப் போனாள்.

"ஏனுங்க, உங்க துரை எப்படிச் செத்தாரு?"

"காய்ச்சலுங்க."

டென்ட் சினிமா நடத்தும் முஸ்தபா கூட்டத்தில் இருந்தார். "இருட்டு அறையில போலீஸ் அதிகாரி சுட்டுத்தானுங்க செத்தான். படமே ஓட்டியிருக்கேன்."

"அன்னிக்குத் தாயத்தைக் கழட்டி வெச்சுட்டாருங்க," என்றான் நஞ்சுண்டன். கூட்டம் பக்தியோடு தலையாட்டியது.

நாச்சியம்மாள் ஒரு தாயத்தைப் பூசணிக்காயில் கட்டி, மண்மேட்டில் வைத்து, துப்பாக்கியைப் புருஷன் கையில் கொடுத்தாள். அவன் சுட்டான். காய் சிதறியது. உடைந்த தாயத்திலிருந்து சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்று உருண்டது.

"காய்க்கு நம்பிக்கை பத்தலைங்க," என்றான் நஞ்சுண்டன்.

"உங்களுக்கு நெறைய இருக்குமுங்களே. கட்டிக்கிட்டு அந்த மேட்டுல நில்லுங்க," என்றாள் நாச்சியம்மாள்.

ஆவி உடனே மலையேறியது. நஞ்சுண்டன் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினான்.

பொங்கியண்ணன் தன் தாயத்தை அறுத்தெறிந்தான். "ஊட்டுக்குப் போலாம் அம்மணி. வரப்பைப் பேசித் தீத்துக்கலாம்," என்றான்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் முஸ்தபாவை ஒதுக்குப்புறமாக அழைத்தார். "ஏனுங்க, கத்திக்குத்துக்குத் தாயத்து எங்கீங்க கிடைக்கும்?"

பூசணிக்காய்க்கு யோசிக்கத் தெரியாது, அதை மன்னிக்கலாம். கழுத்துக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு அலைகிறவர்களை என்ன செய்வது?