ஹலோ, தியேட்டரா?

"ஹலோ, தியேட்டரா? இன்னைக்கு என்ன படம்?"

காலையிலிருந்து இது ஒன்பதாவது அழைப்பு. "தப்பு நம்பர்!" என்று ராஜரத்தினம் ரிசீவரை வைத்த வேகத்தில் டெலிபோனே ஒரு துள்ளு துள்ளியது.

ஆறு வருஷம் காத்திருந்து, எண்பத்தேழில் கிடைத்த இணைப்பு. அப்போதெல்லாம் ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒரு போன் இருந்தாலே பெரிது. ராஜரத்தினம் பஞ்சுத் தரகர். மில்காரர்கள் கூப்பிட்டால் பேச வேண்டுமே. கறுப்பு டெலிபோன் வந்து இறங்கிய அன்று மனைவி சண்முகத்தாய் அதற்குக் குங்குமம் வைத்து, பூப்போட்ட துணியால் மூடினாள். பதினைந்தே நாளில், சினிமாப் போஸ்டரின் அடியில் அவர் வீட்டு நம்பர் அச்சாகியிருந்தது.

அச்சகத்தில்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று, தியேட்டருக்குப் போய்ச் சத்தம் போட்டார். மேனேஜர் இல்லை. டிக்கெட் கிழிக்கும் ஆண்டிச்சாமி, "வந்ததும் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றார். அடுத்த வாரமும் அதே நம்பர்.

"இனிமே எவன் கேட்டாலும் மெஷின் ரிப்பேருன்னு சொல்லப்போறேன்" என்றார் மனைவியிடம்.

சொன்னார். அரை மணிக்கொரு தரம் அதே ஆட்கள் மறுபடி கூப்பிட்டு, "ரிப்பேர் சரியாயிட்டா?" என்று விசாரித்தார்கள்.

வெறுத்துப்போய் ஒருநாள், "படத்தை மாத்தியாச்சு. சாமி படம் ஓடுது" என்றார். மறுநாள் மதியம் தளவாய்புரத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். தியேட்டரில் ஓடியதோ வெட்டுக்குத்துப் படம். ஆண்டிச்சாமி அவர்களை நேரே ராஜரத்தினம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"சாமி படம்னு சொன்னது யாரு?"

"நான் இல்லம்மா..."

"ஏட்டி, இந்தக் குரல்தான்!"

சண்முகத்தாய்தான் அத்தனை பேருக்கும் மோர் கொடுத்துச் சமாதானப்படுத்தினாள். "நீங்க உங்க சோலியப் பாருங்க. போனை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் கணவரிடம்.

அன்றிலிருந்து அவள் பேசினாள். "ஆறரைக்கு ஆட்டம். கடைசி அரை மணி நேரம் ஒரே அழுகை, துண்டு எடுத்துட்டு வாங்க... ஆமா, மகளுக்குப் பிரசவம் ஆயிட்டா?"

கோயம்புத்தூர் மில்காரர் மூன்று நாள் முயன்றும் லைன் கிடைக்காமல், ஐம்பது பேல் பஞ்சை வேறு தரகர் மூலம் வாங்கிவிட்டார். ராஜரத்தினம் மனுவுக்கு மேல் மனு போட்டு, நம்பரையே மாற்றினார்.

வீடு அமைதியானது. சண்முகத்தாய் துணியை நீக்கிப் போனைத் துடைப்பாள், பிறகு மூடுவாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கே என்னவோ போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மணி அடித்தது. மில்காரர்தான் என்று ஓடிப்போய் எடுத்தார்.

"ஹலோ, தியேட்டரா?"

தோள் துண்டு நழுவியது தெரியாமல் தெருவுக்கு ஓடினார். எதிர்ச்சுவரில் தியேட்டர் ஆள் மாரிசாமி பசை தடவிப் புதுப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். அடியில் புது நம்பர்.

"ஏலே மாரிசாமி! இந்த நம்பரை உங்களுக்கு யாருலே குடுத்தது?"

"நம்ம வீட்டு அக்காதான் அண்ணாச்சி" என்றார் மாரிசாமி, போஸ்டரை நீவிக்கொண்டே. "தியேட்டர்ல ஏது போனு? 'வீட்டுல சும்மாதான கெடக்கு, நாலு பேரு பேசட்டும்'னு மொத நம்பரையும் அவியதான வந்து குடுத்தாவ!"