சைரன் சாரும் பழவேற்காட்டுப் பூநாரைகளும்

கடிகாரத்தோடு குடும்பம் நடத்திய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் சைரன் சார்தான். வீட்டில் சம்சாரம் ஒருவர் இருந்தார் என்பது வேறு விஷயம்.

எழுபதுகளில் அம்பத்தூரில் நான் வேலை பார்த்த போல்ட் நட்டுத் தொழிற்சாலையில் அவர் டைம் ஆபீஸ் கிளார்க். காலை எட்டு மணிக்குச் சைரனை அலற விடுவது அவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. ஆளைப் பார்க்காமல் டோக்கன் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் முன்னூற்றுப் பதினேழு, என் கூட்டாளி எட்வின் முன்னூற்றுப் பதினெட்டு.

ஒரு ஃபோர்மேனின் அப்பா இறந்தபோது பட்டாபிராமுக்கு மாலையோடு வந்தார். எடுப்பதற்கு இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. பாடையின் தலைமாட்டில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே, "நாலு மணின்னு சொல்லி அனுப்சீங்க, நாலு இருபது ஆவுது" என்றார். அழுதுகொண்டிருந்த ஃபோர்மேன் பழக்கதோஷத்தில், "சாரி சார்" என்றார்.

கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பலகைகள் இருக்கும். 'வெளியே' என்ற பலகையிலிருந்து நம் பித்தளை டோக்கனை எடுத்து 'உள்ளே' பலகையின் கொக்கியில் மாட்ட வேண்டும். எட்டு அடித்ததும் இரும்பு ஜன்னலை இறக்கிப் பூட்டிவிடுவார். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் அரைநாள் சம்பளம் போச்சு. ஒருவன் டோக்கனை இன்னொருவன் மாட்டிப் பிடிபட்டால் வேலையே போச்சு.

நானும் எட்வினும் நான்கு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அப்பா பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்திருந்தார். அம்மா இல்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தால் எட்டே காலுக்குத்தான் வர முடியும். எட்வின் ஆவடியிலிருந்து முதல் வண்டியில் வந்து இரண்டு டோக்கனையும் மாட்டிவிடுவான். நான் கேண்டீன் பக்கத்துப் பின்வாசலில் நுழைவேன். அந்த வேலை போனால் அப்பாவின் கஞ்சிக்கும் மருந்துக்கும் வழியில்லை.

பின்வாசலிலிருந்து பார்த்தால் டைம் ஆபீஸ் தெரியும். சரியாக அந்த எட்டே காலுக்குச் சைரன் சார் ஸ்டூல் மேல் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பார். "கொழந்தைக்குக் கூட இவ்ளோ வேளா வேளைக்குப் பால் குடுக்க மாட்டாங்கடா" என்று எட்வினிடம் சொல்லிச் சிரிப்பேன். பக்கத்தில் போகிறவனைப் பார்க்கத் தெரியாத மனுஷனுக்கு நேரம் தெரிந்து என்ன பயன்?

இப்பேர்ப்பட்டவரை மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளராக்கினார்கள். மகிழ்ச்சி ஒழிந்தது. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முப்பது பேரைக் கம்பெனி லாரியில் ஏற்றிப் பழவேற்காடு ஏரிக்குக் கூட்டிப்போனார். படகில் போய்ப் பூநாரைகளைப் பார்ப்பது திட்டம். முந்தின நாள் சொன்னபோது அப்பா குழறிக் குழறி, "பூநார வந்துகீதான்னு பாத்துட்டு வந்து சொல்லுடா" என்றார். வாலிபத்தில் அந்த ஏரியில் கிளிஞ்சல் அள்ளியவர் அவர். அவர் எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது.

லாரியில் என்னென்ன ஏற்றியிருந்தார் என்கிறீர்கள்? இரண்டு டோக்கன் பலகைகள். கரண்ட் இல்லாதபோது கையால் சுற்றி ஊதும் சைரன். ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி.

இரண்டு படகில் ஏரியைக் கடந்து ஒரு மணல்திட்டில் இறங்கினோம். பலகைகளை மணலில் நட்டார். படகை விட்டு இறங்குகிறவன் டோக்கனை 'வெளியே' மாட்ட வேண்டும், ஏறும்போது 'உள்ளே' மாட்ட வேண்டும். பிறகு திட்டின் மேல் சுண்ணாம்பால் இரண்டு கோடு இழுத்தார். தொழிற்சாலையில் மஞ்சள் கோட்டுக்குள் நடப்பதுபோல இங்கே வெள்ளைக் கோட்டுக்குள் நடக்க வேண்டுமாம். சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் வானமும். நாங்கள் மூன்றடி அகலத்தில் வரிசையாக நடந்தோம்.

தூரத்தில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் நின்றன. மெதுவாக நெருங்கினோம். அப்போது மணி பன்னிரண்டரை ஆகித் தொலைத்தது. சைரன் சார் கைப்பிடியைச் சுற்றினார். ஏரி அதிர்ந்தது. அத்தனை பறவையும் ஒரே மூச்சில் எழும்பிப் போய்விட்டன.

படகுக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா சார், பறவைக்கும் லஞ்ச் உட்டுட்டீங்களா?"

"டைம்னா டைம்தான்" என்றார் சைரன் சார். "பன்னெண்டரைக்கு லஞ்ச். மூணரைக்கு ரிட்டன்."

"மூணரைக்கே கெளம்பிடுங்க. சாயங்காலம் தண்ணி ஏறுனா இந்தத் திட்டு இருக்காது."

அப்பாவிடம் வெறும் கையோடு போய் என்ன சொல்வது? மூன்று மணிக்கு, திட்டின் மறுகோடியில், புதர்களுக்கு அப்பால் சில பறவைகள் வந்து இறங்குவது தெரிந்தது. எட்வினிடம் போனேன். "மச்சான், என்னுதையும் சேத்து மாட்டிடு. தோ வந்துடறேன்."

"தெனம் பண்றதுதானே, நீ போ" என்றான்.

கோட்டைத் தாண்டிப் போனேன். பார்த்தேன். குச்சிக் கால்கள், இறக்கைக்கு அடியில் அப்படியொரு ரோஸ் நிறம். அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொன்றாக மனதில் வாங்கிக்கொண்டு நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. சைரன் ஊதியது. ஓடி வருவதற்குள் இரண்டு படகும் ஏரியில் சின்னதாகத் தெரிந்தன. பலகை முழுக்க டோக்கன் நிறைந்துவிட்டது, மூன்றரை ஆகிவிட்டது, கிளம்பிவிட்டார். எட்வின் முதல் படகில் இருந்துகொண்டு நான் இரண்டாவதில் இருப்பதாக நினைத்திருக்கிறான்.

கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. சைரன் சாரின் ஏழு தலைமுறையையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொண்டு ஏறி வந்தது. முழங்கால் வந்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டேன். நைனாவுக்கு நாளைக்கு யார் கஞ்சி ஊட்டுவார்கள் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

அப்போதுதான் கேட்டது. நான்கு வருஷமாக நான் சபித்த அந்தச் சைரன். விட்டு விட்டு, நெருங்கி நெருங்கி வந்தது. படகின் முனையில் நின்று அவர் சுற்றிக்கொண்டிருந்தார். படகு தரை தட்டி நின்றதும், தண்ணீர் என்றால் பத்தடி தள்ளி நிற்கும் அந்த மனுஷன், இஸ்திரி போட்ட பேண்டோடு இடுப்பளவில் இறங்கி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"முன்னூத்திப் பதினேழு. ஏறு."

படகில் எட்வின் பேயறைந்தவன்போல உட்கார்ந்திருந்தான். மடியில் பலகை. உயிர் தப்பியது, வேலை போனது என்று முடிவு செய்துகொண்டேன்.

"எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?" என்றேன்.

பலகையைக் காட்டினார். முப்பது டோக்கனில் இரண்டு மட்டும் நம்பர் உள்பக்கமாகத் திரும்பித் தொங்கின. "இவன் பீச்சாங்கைக்காரன். இவன் மாட்டுனா நம்பர் பலகையைப் பாத்துகினு இருக்கும். பாதி ஏரி வந்தப்புறம்தான் பாத்தேன். என் தப்புதான்."

தினமும் காலையில் அப்படித்தானே இரண்டு டோக்கன் தொங்கியிருக்கும்? "சார், நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா?"

"ஏன், நாளைக்கு லீவா?" என்றவர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். தண்ணீர் புகுந்து நின்றுபோயிருந்தது. கரை வந்தது. இறங்கும்போது என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உங்க நைனாவுக்கு இப்போ கை கொஞ்சம் வருதா?"

அன்று இரவு அப்பாவிடம் பூநாரைகளைப் பற்றிச் சொன்னேன். கோணிய வாயால் சிரித்தார். மறுநாள் காலை எட்டே காலுக்குப் பின்வாசலில் நுழைந்தேன். சைரன் சார் வழக்கம்போல ஸ்டூலில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நான்கு வருஷத்தில் முதல்முறையாகக் கிட்டே போய் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அது கரண்டில் ஓடுகிற கடிகாரம்.