பெரிய கிண்ணம்

பைப்பை எந்தப் பக்கம் வாயில் வைப்பது என்பது திருவேங்கடத்துக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் எதைப் போட்டுக் கொளுத்துவது என்பதுதான் புரியவில்லை.

கொல்லையில் குளிப்பதற்காகக் கட்டிய ஓலைத் தடுப்புக்குள், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டு அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று அலுமினியத் தண்டு. அதன் நுனியில் திருகி மாட்டிக்கொள்ள மரக் கிண்ணங்கள் மூன்று. இரண்டு சின்னது, ஒன்று பெரியது. ஒன்று சூடேறினால் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாமாம். சீமைக்காரன் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறான், கூடவே ஒரு பொட்டலம் புகையிலை வைக்க வேண்டும் என்பதைத் தவிர.

இத்தனைக்கும் திருவேங்கடம் பிறந்ததிலிருந்து ஒரு பீடியைக்கூட உதட்டில் வைத்தவரில்லை. வந்த வினை எல்லாம் 'எஸ் சார்' என்ற இரண்டு வார்த்தையால் வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் கிளார்க். மானேஜர் வீரராகவன் எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் 'எஸ் சார்' சொல்லிவிடுவது அவர் வழக்கம். அந்தப் புதன்கிழமை காலை மானேஜர் அவரை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"திருவேங்கடம், நீ புகை பிடிப்பியா?"

"எஸ் சார்."

சொன்ன பிறகுதான் கேள்வி காதில் விழுந்தது. விட்ட வார்த்தையைத் திரும்பப் பிடிக்க முடியுமா?

"வீட்டுல சம்சாரம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

இந்தக் கேள்விக்கு எந்த ஆண்பிள்ளைதான் உண்மையைச் சொல்லியிருக்கிறான்? "எங்க ஊட்ல நான் வெச்சதுதான் சார் சட்டம். அவ வாயே தொறக்க மாட்டா."

மானேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கொடுத்து வெச்சவன்யா நீ" என்றார். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பிறகு மேஜை இழுப்பறையில், காகிதக் கட்டுகளுக்கு அடியிலிருந்து பைப்பை எடுத்து நீட்டினார்.

"புதுத் தண்டு தகர வாடை அடிக்கும். சின்னக் கிண்ணம் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டு நீ பிடிச்சுப் பழக்கி வை. பெரிசை மட்டும் தொடாதே. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் உன் வீட்டுக்கு வரேன். அதை நான் பாத்துக்கறேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று மற்றவர்களுக்குப் புரியாமல் போகலாம். ஸ்டோர்ஸில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவருக்குப் புரியாதா? கம்பெனியில் கிளார்க்குக்குக் கை இல்லாத நாற்காலி, சூப்பிரண்டுக்குக் கை வைத்த நாற்காலி. கிளார்க்குக்கு டீ கிளாஸில், சூப்பிரண்டுக்குக் கப் அண்டு சாஸரில். அப்படியானால் சின்னக் கிண்ணம் யாருக்கு, பெரிய கிண்ணம் யாருக்கு? ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு ரிடையர் ஆகி, அந்தக் கை வைத்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. போட்டிக்கு இருந்தது ஒரே ஆள், ஆவடியில் தனியாக ரூம் எடுத்துத் தானே பொங்கித் தின்னும் கல்யாணமாகாத அப்பாவு. ஞாயிற்றுக்கிழமை மானேஜர் தன் கையாலேயே பெரிய கிண்ணத்தை மாட்டிக் கொடுத்தால், அப்பாவு கதை முடிந்தது.

ஆகையால் அதற்குள் புகை பிடிக்கக் கற்றுக்கொண்டாக வேண்டும். அதுவும் பூங்காவனத்துக்குத் தெரியாமல்.

பூங்காவனம் அவர் மனைவி. செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவர் மகள். அவளுடைய அப்பா ஒரு நாள் வைக்கோல் போரில் சாய்ந்துகொண்டு பீடி பிடித்தார். போர் போயிற்று, பக்கத்திலிருந்த கொட்டகை போயிற்று, கொட்டகையில் உலர்ந்துகொண்டிருந்த பூங்காவனத்தின் நிச்சயதார்த்தப் புடவையும் போயிற்று. அன்று முதல் அடுப்பைத் தவிர வேறு எதில் புகை வந்தாலும் அவளுக்கு ஆகாது. அவள் வாயே திறக்க மாட்டாள் என்று திருவேங்கடம் சொன்னதை, அவர்கள் குடியிருந்த குமணன்சாவடியில் யாராவது கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"இன்னா அண்ணாத்தே, நாயனம் கத்துக்கினு கீறியா?"

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக் கன்னியப்பனின் தலை தெரிந்தது. திருவேங்கடம் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா இம்மாம் ரோசனை? ரெண்டு பீடியப் பிரிச்சு தூளைப் போடு. பத்த வெச்சு இழு. அவ்ளோதான்."

கன்னியப்பன் நல்ல மனுஷன். தன் கட்டிலிருந்தே பீடி கொடுத்தான், பிரித்தும் கொடுத்தான், தீக்குச்சியும் கிழித்தான். திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

அதற்குப் பிறகு வந்த இருமல் பூந்தமல்லி வரைக்கும் கேட்டிருக்கும். சமையற்கட்டிலிருந்து பூங்காவனம் ஓடி வந்தாள். பைப்பை வேட்டி மடிப்பில் சொருகினார், சூடு பட்டுத் துள்ளினார்.

"இன்னாங்க இது, இப்டி இருமறீங்க? இன்னா நாத்தம் இது?"

"கன்னியப்பன்தான்" என்றார் திருவேங்கடம், கண்ணில் நீர் வழிய. "செவுத்துக்கு அந்தாண்ட நின்னுகினு பீடிப் புகைய என் மூஞ்சில வுட்டான்."

அடுத்த கால் மணி நேரம் பூங்காவனம் சுவரோரம் நின்று பேசினாள். கன்னியப்பனின் மூன்று தலைமுறை வெளியே வந்தது. முடிந்ததும் அவன் திருவேங்கடத்தைப் பார்த்து, "நல்லதுக்குக் காலமில்ல அண்ணாத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பீடி வரத்து அன்றோடு நின்றது. அந்த இருமலுக்கு மிளகும் சுக்கும் போட்ட கஷாயம் காலையும் மாலையும் வரத் தொடங்கியது.

மறுநாள் திருவேங்கடம் வெற்றிலை பாக்குக் கடைக்குப் போய், "நல்ல காரமா பொகையில குடு" என்றார். கடைக்காரர் கொடுத்தது வாயில் போட்டு மெல்லுகிற புகையிலை. கருப்பங்கட்டித் தண்ணீர் தெளித்துப் பதமாக இருந்தது. அதைக் கிள்ளிக் கிள்ளிச் சின்னக் கிண்ணத்தில் அடைத்துக் கொளுத்தினார். பற்றவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். புகை வரவில்லை, சாறு வந்தது. அதை விழுங்கியும் விட்டார்.

ஓலைத் தடுப்பு ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கொல்லை சுற்றியது. திருவேங்கடம் வாழை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட கேழ்வரகுக் கூழ் வரைக்கும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்.

"திருஷ்டிதான்" என்று முடிவு கட்டினாள் பூங்காவனம். "சூப்பிரண்டு ஆவப் போறேன், சூப்பிரண்டு ஆவப் போறேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க இல்ல? எவன் கண்ணு பட்டுதோ!"

உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அது போதாது, தினமும் வீட்டுக்குச் சாம்பிராணிப் புகை போட வேண்டும் என்றாள். தூபக்கால் உடைந்து கிடந்தது. வேறு ஏதாவது அகப்படுமா என்று தேடிக்கொண்டு போனவள், கருமாரியம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள்.

திருவேங்கடம் பைப்பைப் பிரித்து வைத்திருந்தார். தண்டு குடைக்குள், சின்னக் கிண்ணங்கள் உளுந்து டப்பாவில். பெரிய கிண்ணம் மட்டும் உயர்ந்த பதவி அல்லவா? அதை அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அங்கே பொங்கலுக்குப் பொங்கல்தான் துடைப்பாள் என்பது அவர் கணக்கு.

"இன்னாங்க இது? சாமி படத்தாண்ட கிண்ணம் கீது?"

திருவேங்கடத்துக்கு ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் எந்தப் பொய் வருமோ அதுதான் வந்தது. "சாம்பிராணிக் கிண்ணம். உனக்குத்தான் வாங்கியாந்தேன்."

பூங்காவனத்தின் முகம் மலர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்காமல் அவர் வாங்கி வந்த முதல் பொருள் அது. பார்த்தபோது திருவேங்கடத்துக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

"அடியில ஓட்டை கீதே?"

"காத்துப் போவ."

"நெருப்பு இல்ல கீழ உழும்?" என்று சொல்லி, வெல்லமும் சுண்ணாம்பும் குழைத்து ஓட்டையை அடைத்தாள். அது கல்லாக இறுகியது. அன்று சாயந்திரமே பெரிய கிண்ணத்தில் தணல் ஏறி, சாம்பிராணி மணந்தது. ஒவ்வொரு தணலும் சூப்பிரண்டு நாற்காலியின் கையைக் கருக்குவதுபோல் திருவேங்கடத்துக்குத் தோன்றியது.

"பூங்காவனம், இதைக் குடுத்துடு. வேற பித்தளையில வாங்கியாரேன்."

"சாமிக்குக் காட்டினதைத் திருப்பிக் கேக்கறீங்களே, கண்ணு அவிஞ்சுடும்!"

திருவேங்கடம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனைவியைத் திருவேற்காட்டுக்குக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுக் கிண்ணத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம் என்று திட்டம் போட்டார்.

"ஆபீசரு ஊட்டுக்கு வர்றாருன்றீங்க, ஊட்டுக்காரி கோயிலுக்குப் போவணுமா? நல்லா கீதே ஞாயம்!" என்று பூங்காவனம் கேசரி கிளற உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, ஆபீஸ் ரகசியம் பேசுவோம், உள்ளயே இரு. ஒருவேளை வந்தாலும் அவர் எதிர்ல நீ வாயத் தொறக்கக் கூடாது."

"நான் எப்ப வாயத் தொறந்தேன்?" என்று ஆரம்பித்தவள், அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள்.

மானேஜர் வந்தார். வண்டியை வாசலில் நிறுத்தவில்லை. தெருக்கோடியில் விட்டுவிட்டு, டிரைவர் முனியனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். உள்ளே நுழைந்ததும் தெருக்கதவைத் தானே சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"அவங்க?"

"உள்ள கீறா சார். வர மாட்டா."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார் வீரராகவன். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டார். பையிலிருந்து ஒரு புகையிலை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, கண்ணை மூடி முகர்ந்தார். "எடு பைப்பை."

திருவேங்கடம் தண்டையும் சின்னக் கிண்ணங்களையும் கொண்டுவந்து வைத்தார்.

"பெரிசு?"

"சார், இப்போதைக்குச் சின்னதுலயே..."

"பெரிசை எடுய்யா! புதன்கிழமையிலேர்ந்து அதே ஞாபகமா இருக்கேன்."

அந்த நேரம் பார்த்துச் சமையற்கட்டிலிருந்து புகை வந்தது. புகைக்குப் பின்னால் தட்டு வந்தது. தட்டின்மேல் பெரிய கிண்ணம், அதில் கமகமவென்று சாம்பிராணி. தூக்கி வந்தது பூங்காவனம். சொன்ன சொல் தவறாமல் வாயை இறுக மூடிக்கொண்டு, அடக்க ஒடுக்கமாக மானேஜரைச் சுற்றி ஒரு வலம் வந்தாள்.

மானேஜர் கிண்ணத்தையே பார்த்தார். கையை நீட்டித் தொட்டார், சுட்டுக்கொண்டார். "ஐயோ, பைப்புக் கிண்ணத்துல யாரம்மா சாம்பிராணி போட்டது? இது புகையிலை போட்டுப் பிடிக்கற கிண்ணமாச்சே!"

பூங்காவனம் தட்டைக் கீழே வைத்தாள். திறந்திருந்த டப்பாவைப் பார்த்தாள். தண்டைப் பார்த்தாள். சின்னக் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த பீடித் தூளைப் பார்த்தாள். இருமல், வாந்தி, கன்னியப்பன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முகத்தில் வந்து போவதைத் திருவேங்கடம் கண்ணால் கண்டார்.

பிறகு வாயைத் திறந்தாள்.

"பொகையில குடிக்கிற கிண்ணத்தையாய்யா அம்மனுக்குக் காட்டவுட்ட? பாவம் அந்தக் கன்னியப்பன், அவனை நாக்கு மேல பல்லு போட்டுப் பேசினேனே! அப்பன்தான் போரைக் கொளுத்தினான், கட்டிக்கினவன் நீ ஊட்டையே கொளுத்தப் பாக்கறியா? சொல்லிட்டேன், அடுப்பைத் தவிர இந்த ஊட்ல எங்கயும் பொகை வரக் கூடாது. மானேஜரா இருந்தாலும் சரி, கலெக்டரா இருந்தாலும் சரி!"

மானேஜர் எப்போதோ எழுந்து நின்றுவிட்டார். புகையிலை டப்பா முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. "இல்லம்மா. இனிமே இல்லம்மா" என்றார். "கேசரி துன்னுட்டுப் போங்க" என்று அவள் அதட்டியபோது, நின்றபடியே இரண்டு தட்டு காலி செய்தார்.

வாசல் வரை வந்த திருவேங்கடத்திடம், "பரவாயில்லைய்யா. எங்க வீட்டுலயே இருந்த மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

என்ன பெருந்தன்மை! இப்பேர்ப்பட்ட மனிதரைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்திவிட்டோமே என்று திருவேங்கடம் நொந்துகொண்டார். கை வைத்த நாற்காலி இனிக் கனவிலும் கிடையாது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் முனியன் மட்டும் திரும்பி வந்தான்.

"சார், பைப்பையும் கிண்ணத்தையும் அய்யா வாங்கினு வரச் சொன்னாரு."

"முனியா, அய்யா ரொம்பக் கோவமா கீறாரா? என் சூப்பிரண்டு வேலை போச்சா?"

"கோவமா? கண்ணுல தண்ணி வுட்டுகினு குந்திகினு கீறாரு சார்" என்றான் முனியன். "அய்யா ஊட்டம்மா இதுவரைக்கும் மூணு பைப்பைக் கிணத்துல போட்டுட்டாங்க. 'திருவேங்கடம் சம்சாரம் வாயே தொறக்காதாம், ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அங்க போய் நிம்மதியாப் புடிக்கலாம்'னு உங்களாண்ட குடுத்து வெச்சாரு. நான் அப்பவே தலதலையா அடிச்சுக்கினேன், பொண்டாட்டி இல்லாத அப்பாவு சார்தான் இதுக்குத் தோதுன்னு... சீக்கிரம் குடுங்க சார், வண்டி நேரா ஆவடிக்குப் போவணும்!"