பத்து அடித்து ஐந்து வாங்கிய விபரம்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
மார்கழி முதற்கிழமை

என் மூத்த அக்காவின் இளைய மகனும், பேர்கன் நகரத்தில் கழுத்துப் பட்டி கட்டித் தமிழ் கதைத்துச் சம்பளம் எடுப்பவனுமாகிய மருமகன் ஸ்ரீதரனுக்கு, மாமா சபாரத்தினம் சொல்ல, இரண்டாம் மாடி மரியரஞ்சனி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமென்று நினைக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு நீ தொலைபேசி எடுக்காதபடியால் நினைக்கத்தான் முடிகிறது. நான் சுகம் என்று எழுதச் சொன்னேன். மரியரஞ்சனி பேனையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். சரி பிள்ளை, கால் உளைவைத் தவிர சுகம் என்று போடு என்றேன்.

இந்தக் கடிதம் எந்த வருடத்தது என்று பிறகு யாரும் கேட்டால் சொல்ல வசதியாக இருக்கட்டும். வன்னியில் எல்லாம் முடிந்த வருடம் இது. நாங்கள் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் சித்திரைக் குளிரில் நின்று கால் மரத்துப்போன வருடம். நோர்வேப் பெடியன் ஒருவன் பிடில் வாசித்து ஐரோப்பாப் பாட்டுப் போட்டியை வென்ற வருடம். அமெரிக்க சனாதிபதி சமாதானப் பரிசு வாங்க வருகிறாரென்று நகரத்துக் குப்பை வாளிகளைக்கூடக் இப்போது கழற்றுகிறார்களாம். இவையெல்லாவற்றோடும், பிரேசில் நாட்டுக் கடற்கரை உதைபந்து அணி டுபாயில் சுவிஸ்காரனுக்குப் பத்து அடித்து, அவனிடம் ஐந்து வாங்கி, தொடர்ந்து நாலாவது தடவையாக உலகக் கோப்பையைத் தூக்கிய வருடம். என் கரைச்சல் இந்தக் கடைசி விஷயத்தில்தான் தொடங்கியது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. புட்டுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு டிவிக்கு முன்னால் இருந்தேன். உனக்கு இது தெரியும், மரியரஞ்சனிக்குத் தெரியாதாம், அவளுக்காகச் சொல்கிறேன்: இது புல்லில் தொண்ணூறு நிமிடம் ஓடி, ஒன்றும் அடிக்காமல் கை குலுக்கிப் போகிற பந்து அல்ல. மணலில், வெறுங்காலில், பக்கத்துக்கு ஐந்து பேர், பன்னிரண்டு நிமிடப்படி மூன்று பகுதி. முப்பத்தாறு நிமிடத்துக்குள் பதினைந்து கோல். இதற்கிடையில் ஒரு மனிதன் எழும்பிப் போய்ப் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? தண்ணீர் வற்றி, பானை கருகி, புகைமணி அடித்து, எட்டு மாடிச் சனமும் வீட்டுச் செருப்போடு இறங்கி மழைக்குள் நின்றது. நான் இறங்கவில்லை, மூன்றாவது பகுதியில் இன்னும் நாலு நிமிடம் இருந்தது. தீயணைப்புக்காரர் இருவர் வந்தார்கள். ஒருவன் அடுப்பை நிறுத்தி ஜன்னலைத் திறந்தான். மற்றவன் டிவியைப் பார்த்து ஏதோ கேட்டான். நான் இரண்டு பக்கத்துக் கணக்கையும் விரலால் காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நல்ல மனிதன்.

கீழே நின்ற யாரோ என் மகளுக்குச் சொல்லிவிட்டார்கள். சிறிதேவி எல்லிங்ஸ்ருட்டில் இருந்து வந்து சேர்ந்தபோது கோப்பை கொடுத்து முடிந்திருந்தது.

“அப்பா, மணி அடிச்சது கேக்கேல்லையோ?”

“கேட்டது.”

“பிறகேன் எழும்பேல்லை?”

“விசில் அடிக்கேல்லையே, பிள்ளை.”

அந்தப் பதில்தான் என்னைக் கெடுத்தது. எட்டாம் நாள், திங்கட்கிழமை, என்னைக் குளிக்க வைத்து, கலியாண வீட்டுச் சட்டையைப் போட்டுவிட்டு, முதியவர்களின் ஞாபகத்தைச் சோதிக்கிற ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு தாதி, வெள்ளைத் தலைமயிர், சிரித்த முகம். மேசையில் ஒரு தொலைபேசி. அதற்குள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளன். உன் தொழில்காரன்தான், ஆனால் சென்னைப் பக்கத்துப் பிள்ளை. “வணக்கம் ஐயா, நல்லா இருக்கீங்களா” என்றான். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் குறை.

“ஐயா, நாற்காலி, சாவி, ஆரஞ்சு. இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்குங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பாங்க” என்றான். வைத்துக்கொண்டேன். தாதி ஒரு தாளைத் தள்ளி, மணிக்கூடு கீறு, பிறகு ஒரு வசனம் எழுது என்றாள். பள்ளிக்கூட வாசலையே காணாதவன் நான், இலக்கம் மட்டும் வாசிப்பேன், எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி என்றேன். அதை அவன் “எழுத முடியவில்லை” என்று சொல்லியிருக்கவேண்டும்; தாதி அனுதாபமாகப் பார்த்துக் கோடு போட்டாள். இன்றைக்கு என்ன திகதி என்றாள். பிரேசில் சுவிஸுக்குப் பத்து அடிச்சு இண்டைக்கு எட்டாம் நாள் என்றேன். இதைவிடச் சரியாக ஒருவன் எப்படித் திகதி சொல்வது? தொலைபேசிக்குள் இருந்தவன், “யாரு யாரை அடிச்சாங்க ஐயா?” என்றான்.

“பத்து அடிச்சு அஞ்சு வாங்கினது தம்பி. முந்தியும் அடிச்சதுதான். உருகுவேக்கு நாலு, மெக்சிக்கோவுக்கு எட்டு, இத்தாலிக்கு அஞ்சு. எங்கடை வீட்டிலை ஆருக்கும் இதிலை அக்கறை இல்லை.”

அவன் அதை என்னவென்று நோர்வே மொழியில் வைத்தானோ, தாதியின் சிரிப்பு போய்விட்டது. சிறிதேவியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். சட்டைக் கையை மேலே தள்ளச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிறிதேவியை வெளியே விறாந்தையில் இருக்கச் சொன்னாள். உன் மச்சாள் ஒரு நுளம்பைக்கூடப் பார்த்து அடிக்க மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். “வீட்டுல யாராவது உங்களை அடிக்கிறாங்களா ஐயா? பயப்படாம சொல்லுங்க” என்றான் பெடியன். நான் சிரித்தேன். சிரித்தது அடுத்த பிழை. அதற்கும் ஒரு கோடு.

அதன் பிறகுதான் அந்த மூன்றையும் கேட்டார்கள். நான் மூச்சு விடாமல் சொன்னேன்: “கதிரை, திறப்பு, தோடம்பழம்.”

“ஐயா, நான் சொன்ன வார்த்தையைச் சொல்லுங்க.”

“அதைத்தானே சொன்னனான்.”

“இல்லீங்க ஐயா. ஏதோ திறக்கணும்னு சொல்றீங்க. என்ன திறக்கணும்?”

மூன்றுக்கும் பூச்சியம். சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரே மனிசி விறாந்தையில் இருந்தாள். மருமகன், அவன் நாற்காலி என்றான், என் தலைக்குள் போனதும் அது கதிரை ஆகிவிட்டது. எழுத்துத் தெரிந்தவன் சொல்லை அப்படியே மடித்து வைப்பான். எனக்குள் சொல் எங்கே இருக்கிறது? கதிரைதான் இருக்கிறது. இந்த இடத்தில் அந்தப் பெடியனைப் பற்றி நான் சொன்ன சொல்லை எழுத மரியரஞ்சனி மறுத்துவிட்டாள். “அண்ணை, நான் பூசைக்குப் போறவள்” என்கிறாள். ஆகவே, அவன் நல்ல பிள்ளை என்று போட்டிருக்கிறது. நீ சரியாக வாசித்துக்கொள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதென்று தாதிக்கு முழு விபரமும் சொன்னேன். இரண்டாயிரத்து ஐந்தில் இந்தக் கோப்பை முதன்முதல் இந்தப் பெயரில் நடந்தபோது, தன் சொந்தக் கடற்கரையிலேயே பிரேசில் மூன்றாவதாக வந்ததையும், பிரான்ஸ்காரன் கோப்பையை எடுத்ததையும், அந்த வெட்கத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றாக நாலையும் இவர்கள் அள்ளியதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் எழுதினாள். கோல் கணக்கைக் குறிக்கிறாள் என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். சிறிதேவி பிறகு அந்தத் தாளை வாசித்துக் காட்டினாள்: “பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.” பழையது மறக்காமல் இருப்பதும் அந்த மறதி வருத்தத்தின் குணமாம். மறந்தாலும் வருத்தம், மறக்காவிட்டாலும் வருத்தம் என்றால் மனிதன் எந்தக் காலை எடுத்து வைப்பது?

இப்போது தையில் என்னைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம். கீழறை, தனிக் குளியலறை, சூடான நிலம். “அப்பா, உங்களுக்கு அங்கை என்ன குறை?” என்கிறாள். ஒரு குறையுமில்லை. பிள்ளை நல்லவள், அவளுடைய புருசன் அதைவிட நல்லவர். ஆனால் அங்கே டிவி மேலே, அவர் செய்தி பார்ப்பார், பேத்தி பாட்டுப் பார்ப்பாள், நான் நல்ல மனிதனாக நடுவில் இருக்கவேண்டும். இருபது வருடமாக என் திறப்பால் என் கதவைத் திறந்தவன். என் சோபாவில் இருந்து நானே கூப்பாடு போடவேண்டும்.

இரண்டாவது சோதினை பதினேழாம் திகதி வைத்திருக்கிறது. அதற்கு நீதான் வரவேண்டும். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறதாம். அதனால் என்னைத் தெரியாதவன் மாதிரி வா. மாமா என்று கூப்பிட்டுவிடாதே, ஐயா என்று சொல். நான் உன்னை நீங்கள் என்று சொல்கிறேன். கஷ்டந்தான், ஒரு மணித்தியாலம் பொறுத்துக்கொள்வேன். கதிரை என்றால் கதிரை என்று சொல். அடித்தது என்றால் கோல் என்று சொல். உருகுவே வெல்லும் என்று மூன்று வருடத்துக்கு முன் நீ சொன்னதை நான் அங்கே வாய் திறக்க மாட்டேன். நீ வராவிட்டால் உன் மாமன் தை மாதத்தில் ஒரு கீழறையில் இருந்து செய்தி கேட்பான்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிள்ளையார் துணை இருக்கட்டும். மாதாவும் துணை என்று மரியரஞ்சனி தானாகச் சேர்த்திருக்கிறாள். பிள்ளையாரை முதலில் போட்டாயோ என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன். இரண்டு பேரும் உன்னைப் பதினேழாம் திகதி ரயிலில் ஏற்றிவிடட்டும்.

இப்படிக்கு, ஞாபகம் குறையாத மாமா,
சபாரத்தினம் (பெருவிரல் அடையாளம்)

பி.கு: மருமகன், வரவேண்டாம். உன் விலாசம் கிடைக்காமல் இந்தக் கடிதம் ஒரு கிழமை மரியரஞ்சனியின் குளிர்பெட்டிக்கு மேல் கிடந்தது. அதற்குள் சோதினைக்கு வேறு யாரோ ஒருவர் வராமல் விட, அந்த இடத்துக்கு என்னை நேற்றே கூப்பிட்டுவிட்டார்கள். அதே தாதி, அதே தொலைபேசி, அதே சென்னைப் பெடியன். நான் வாயைத் திறக்கமுதலே, “ஐயா, கதிரை, திறப்பு, தோடம்பழம்” என்றான். பாவம், யாரிடமோ போய்க் கேட்டுப் படித்திருக்கிறான். அவன் இவ்வளவு தூரம் வந்ததற்கு நானும் கொஞ்சம் போகவேண்டாமா? பிறகு கேட்டபோது, “நாற்காலி, சாவி, ஆரஞ்சு” என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்து, தாதிக்கு நெடுநேரம் விளங்கப்படுத்தினான். மூன்றுக்கு மூன்று. சிறிதேவியிடமும் தாதி மன்னிப்புக் கேட்டாள். நான் என் வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதித் தந்துவிட்டாள்.

ஆனால் தாளை மூடி வைத்துவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி, இந்தப் பந்தை யாரோடு இருந்து பார்ப்பீர்கள் என்று கேட்டாள். ஹொல்ம்லியாவில் என் சோபாவில் நாங்கள் கூட்டாளிகள் ஐந்து பேர் என்றேன். மெக்சிக்கோவுக்கு எட்டு அடித்த வருடம் பாலேந்திரன் போய்ச் சேர்ந்தான். இத்தாலிக்கு ஐந்து அடித்த கோடையில் எட்வேட். இந்த முறை அரையிறுதிக்கு முதல் யோகராசா. பெடியன் ஒன்றும் கேட்காமல் ஒவ்வொன்றையும் தாதிக்கு மெதுவாகச் சொன்னான். சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே கணக்கு விளங்கியது. தையில் நான் எல்லிங்ஸ்ருட்டுக்குப் போகிறேன். சிறிதேவிக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிப்போடாதே, கொஞ்சம் கெஞ்சட்டும். அவள் வீட்டுக்குக் கிட்ட, பஸ்ஸில் இரண்டாவது தரிப்பில், ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. ஆர் அடித்தது, ஆர் வாங்கியது ஒன்றும் இப்போது பிடிபடாமல், பக்கத்தில் இருந்து சொல்ல ஆளில்லாமல் அங்கே ஒருவன் டிவி பார்க்கிறான். எங்கள் சோபாவில் என்னைத் தவிர மிச்சமாய் உயிரோடு இருப்பது அவன்தான், வின்சென்ற்.